கோப்பு இருக்கிறது, மாட்யூல் இல்லையாம்

கையடக்கக் கருவி ஒன்றில் பைத்தான் என்ற நிரல்மொழியை ஏற்றுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. பைத்தான் முதல் நாளே ஓடிவிட்டது. மீதி இரண்டு நாளையும் விழுங்கியது ஒரே ஒரு மாட்யூல், அதாவது பைத்தானோடு சேர்க்கும் ஒரு துணை நிரல்.

கருவியில் இருப்பது 32 பிட் ஏஆர்எம் சில்லு. நினைவகம் போதாததால் அதிலேயே கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலைச் சில்லுக்குப் புரியும் நிரலாக மாற்ற, வழியில்லை. மேசைக் கணினியில் கருவியின் சில்லுக்காகக் கம்பைல் செய்து (இதுதான் கிராஸ் கம்பைல்) அனுப்பினேன். கோப்பு உரிய அடைவில்தான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். பைத்தானோ அப்படியொரு மாட்யூலே இல்லை என்று சாதிக்கிறது. கோப்பைச் சோதித்தால் உள்ளே இருப்பது அசல் ஏஆர்எம் நிரல். இரண்டாம் நாள் முழுக்க நூலகங்களைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் கோப்பின் பெயரைக் கடைசி எழுத்துவரை படித்தபோதுதான் உறைத்தது: நடுவே 'எக்ஸ்86-64' என்று என் மேசைக் கணினியின் சில்லு வகை இருக்கிறது! கம்பைலரை மாற்றிய நான், கோப்புக்குப் பெயர் வைக்கும் மேசைப் பைத்தானை மாற்றவில்லை. அது மேசைக் கணினியின் பின்னொட்டையே (சில்லு வகையைச் சொல்லும் பெயரின் வால்பகுதி) ஒட்டிவிட்டது. கருவியிலுள்ள பைத்தான் தனக்குரிய பின்னொட்டையும் சில பொதுப் பின்னொட்டுகளையும்தான் தேடும். இதை ஏறெடுத்தும் பார்க்காது. பெயரை மாற்றினேன், ஓடியது.

இப்படி ஆகும்போதெல்லாம் சின்னக் கருவியின் தலையில் பழியைப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிரலைக் கம்பைல் செய்து கட்டும் கணினியும் அது ஓடும் கணினியும் ஒன்றே என்று நம்பி எழுதப்பட்ட கட்டுமான ஸ்கிரிப்டுகள்தான் குற்றவாளி. பெர்ல் என்ற இன்னொரு நிரல்மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் தன்மைகளை அறிய, அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் குட்டிக் குட்டி சி நிரல்களை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்து விடை அறியும். ஏஆர்எம் நிரல் மேசையில் எப்படி ஓடும்? போதாததற்கு, முதலில் மினிபெர்ல் என்ற சிறிய பெர்ல் பிறந்து, அதுதான் மிச்சத்தைக் கட்டவேண்டும். பைத்தானும் 3.11 முதல், கிராஸ் கம்பைல் செய்வதென்றால் கட்டும் கணினிக்கென ஒரு பைத்தானைக் காட்டச் சொல்கிறது. வெளிப்படையாகக் கேட்கிறதே, அதுவரை நல்லது.

ஓட்டாமலே விடை அறியவும் வழி உண்டு. ஒரு முழு எண் எத்தனை பைட் என்று ஆட்டோகான்ஃப் என்ற கட்டுமான மென்பொருள் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு மிகப் பிடித்தது. ஊகம் தவறானால் அளவு எதிர்மறையாகிவிடும் ஓர் அணியை (மதிப்புகளின் வரிசை) அறிவிக்கிறது. கம்பைலர் மறுக்கும். ஊகத்தை மாற்றி மாற்றி, கம்பைலரின் கோபத்தை வைத்தே விடையை எட்டிவிடுகிறது. இந்தச் சாமர்த்தியத்தில் கால்வாசி மாட்யூல் எழுதுபவர்களுக்கு இருந்தால் என் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

கருவியின் சில்லைப்போல மேசையில் நடிக்கும் எமுலேட்டருக்குள் வைத்துக் கட்டிவிடலாமே என்பார்கள். அவசரத்துக்கு நானும் செய்வதுண்டு. நகரும் வேகம் நத்தைக்கே வெட்கம் தரும். ஸ்கிரிப்டின் பிழையும் அப்படியே உள்ளே கிடக்கும்.

இன்னொரு மாட்யூல் பாக்கி இருக்கிறது. அதன் கட்டுமான ஸ்கிரிப்டான செட்டப் கோப்பை இப்போதுதான் திறந்தேன். நான்காவது வரியிலேயே, தான் ஓடிக்கொண்டிருக்கும் கணினி எது என்று விசாரிக்கிறது.