டையோடு மட்டும் போதாது

களக்காட்டு வாழைத்தோட்டத்தில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிக்கு மின்சாரம் தர, ஆறு வோல்ட் சோலார் பேனலை ஒரு டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) வழியாக 18650 எனும் உருளை வடிவ லித்தியம் அயனி செல்லுடன் இணைத்தாலே போதும் என்று இந்த விவாதத்தில் அண்ணாச்சி எழுதியிருப்பது சரியன்று. டையோடு, இரவில் மின்னோட்டம் செல்லிலிருந்து பேனலுக்குத் திரும்புவதைத் தடுக்குமே தவிர, செல்லின் மின்னழுத்தம் அதன் உச்ச வரம்பான 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் காக்காது. அந்தக் கருவியை இயக்கும் ஈஎஸ்பி32 எனும் சிறு கணினிச் சில்லு பெரும்பாலும் உறக்க நிலையிலேயே கிடந்து மிகச் சொற்பமாகவே மின்சாரம் எடுக்கும் என்பதால், சித்திரை வெயிலில் பேனல் தருவதெல்லாம் செல்லுக்குள்ளேயே ஏறி, அது சூடாகிக் கெடவும் தீப்பற்றவும் கூடும். பேனலுக்கும் செல்லுக்கும் இடையில் டிபி4056 சார்ஜர் போர்டை வைத்தால், அது 4.2 வோல்ட்டில் தானே நிறுத்திக்கொள்ளும், விலையும் அதிகமில்லை. ஆனால் அதன் உள்ளீடு 8 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதால் 12 வோல்ட் பேனலை அதில் மாட்ட வேண்டாம். அண்ணாச்சி சொல்லும் இணைப்பு, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு எனும் வேறு வகைச் செல்களுக்கு, அதுவும் மின்னோட்டம் செல்லின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால், ஓரளவு பொருந்தும்.