11 வருடப் பாக்கி

சித்தப்பா இறந்த மறுநாள் காலையில், பந்தலுக்குக் கீழே கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். சபைக்கு வருடா வருடம் கட்டும் சங்கக் காணிக்கை 11 வருடம் பாக்கி. கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம். நான்தான் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். சித்தப்பா பெயருக்கு முன்னால் ஒரு 'திரு'வும் போட்டு ரசீது கிழித்துத் தந்தார்கள். திரு உள்ளே பிரீசர் பெட்டியில் இருந்தார். ரசீது கைக்கு வந்த பிறகுதான் கோயிலில் துக்க மணி அடித்தது.

ஆறு வருடமாக இதை எழுத வேண்டாம் என்றே இருந்தேன். போன வாரம் ஒரு நண்பர், "உங்க கிறிஸ்தவ ஆட்கள்ல எதுக்குங்க இத்தனை சபை? எல்லாருக்கும் ஒரே புஸ்தகம்தானே?" என்று கேட்டார். கிண்டல் ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதிப் பாதி இது.

சித்தப்பா குடும்பம் விட்டுப் போன சபை, போய்ச் சேர்ந்த சபை, இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஊர்ப் பெயரும் வேண்டாம். தேரிக்காட்டு ஓரம், பனை, உடைமரம், ஊரின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத உயரத்தில் ஒரு வேதக் கோயில் கோபுரம். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு இது போதும்.

சித்தியும் சித்தப்பாவும் 90களின் நடுவில் புதுச் சபையில் முழுக்கு எடுத்தார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது ஐயர், அதாவது பழைய சபைக் குருவானவர், தலையில் தெளித்த தண்ணீர் செல்லாது, விவரம் தெரிந்து, விசுவாசித்து, தண்ணீரில் முங்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம் என்பது புதுச் சபையின் போதனை. நகையும் கூடாது. சித்தி கம்மலையும் தாலியையும் கழற்றி ஆச்சி கையில் கொடுத்த அன்றைக்கு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. "எம்புள்ள உசுரோட இருக்கும்போதே இப்படி வந்து நிக்கியே" என்று ஆச்சி அழுத சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. சித்தப்பாவுக்கு இதில் பெரிய ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. சித்தி போனார்கள், அவரும் பின்னாலேயே போனார். பீடியை மட்டும் கடைசி வரை விடவில்லை, அது இரண்டு சபைக்கும் தெரியும்.

ஆனால் சித்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய சபையின் பெரிய கோயிலில் 20 வருடம் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாமாலை பாடியவர்கள். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட யாரும் அவர்களை எழுந்து நின்று பேசச் சொன்னதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட புதுச் சபையில், போன மூன்றாம் மாதமே சாட்சி சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பு படித்த மனுஷி, 40 வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிக் கூட்டி ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை வாசித்து முடித்தார்கள். இந்த விஷயத்தில் பிரிவினையைத் திட்டி நான் பதிவு எழுத உட்காரும்போதெல்லாம் சித்தியின் குரல் குறுக்கே வருகிறது. அவர்களுக்கு அங்கே கிடைத்தது இங்கே கிடைக்கவில்லை. அது உண்மை.

என்னைக் குடைவது அந்த 'செல்லாது' என்ற சொல்தான்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வரலாற்றைப் புரட்டினால் இந்தச் சொல் தடுக்காத பக்கம் குறைவு. மார்ட்டின் லூதர் வழி வந்த லுத்தரன் சபையின் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பிற்பாடு கத்தோலிக்கரான வீரமாமுனிவர் லுத்தரன்களை மறுத்து 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று நூல்களாக எழுதித் தள்ளினார். தேம்பாவணி எழுதிய அதே கைதான். ஜெர்மனியில் ஆரம்பித்த சண்டையின் அடுத்த சுற்று காவிரிக் கரையில், நல்ல தமிழில் நடந்தது. கடவுளுக்கு என்ன பெயர் என்பதிலேயே ஒத்துப்போக முடியவில்லை. வேதத்தைத் தமிழாக்கிய சீகன்பால்குக்கு சருவேசுரன், அவருக்குப் பின் தமிழாக்கிய பப்ரிசியஸுக்குப் பராபரன், 1871இல் முடிந்த ஹென்றி பவரின் திருத்தப் பதிப்புக்குத் தேவன், 1995இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்புக்குக் கடவுள். பவர் வந்த பிறகும் தஞ்சாவூர், தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன்கள் பல காலம் பப்ரிசியஸை விடவில்லை. பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகும் எங்கள் வீடுகளில் பவர்தான் தலைமாட்டில் இருக்கிறது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், 'ஆண்டவரே என் ஆயர்' என்று யாராவது வாசித்தால் மனம் ஒட்டுவதில்லை. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்றால்தான் ஜெபம் மாதிரி இருக்கிறது. பிரிவினை நாக்கு வரைக்கும் இறங்கியிருக்கிறது என்று இதைத்தான் சொல்வேன்.

ரேனியஸ் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. ஜெர்மன்காரர், லுத்தரன் முறையில் குருவானவர், ஆனால் சம்பளம் கொடுத்தது ஆங்கிலிக்கன்களின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்களின், மிஷனரி சங்கமான சி.எம்.எஸ். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊர் ஊராகச் சபைகளையும் பள்ளிகளையும் உண்டாக்கினார். குருப்பட்டம் இல்லாத உபதேசியார்களை லுத்தரன் முறையில் தானே குருவாக்க நினைத்தார். பிஷப் தலையில் கை வைத்துக் கொடுக்காத குருப்பட்டம் செல்லாது என்றது அந்தச் சங்கம். அப்புறம் ஆங்கிலிக்கன் சபை முறைகளையே விமர்சித்து ஒரு கட்டுரை வேறு எழுதினார், 1835இல் வேலை போய்விட்டது. சபையார் கூப்பிட்டுத் திரும்பி வந்தார், சபைகள் இரண்டு கட்சியாயின. 1838இல் 47 வயதில் அவர் இறந்த பிறகுதான் அது மெல்ல ஒட்டியது. ஆங்கிலிக்கன்களின் கேன்டர்பரிக்கும் லுத்தரன்களின் விட்டன்பர்க்குக்கும் நடுவில் இருக்கும் தூரம் திருநெல்வேலிப் பனையேறிக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவன் தெரு இரண்டாகப் பிரிந்தது.

வெள்ளைக்காரன் மூட்டிய சண்டை என்று மொத்தப் பழியையும் கப்பலேற்றி அனுப்பவும் முடியாது. நாசரேத்துப் பக்கம் பிரகாசபுரத்தில் 1857இல் சட்டம்பிள்ளை மிஷனரியோடு முறித்துக்கொண்டு தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஆராதனை, யூத முறைகள், வெள்ளைக்காரன் கை படாத கிறிஸ்தவம். மிஷனரி கால்டுவெல் எங்கள் முன்னோரைப் பற்றி மட்டமாக 1849இல் எழுதிய புத்தகத்தை வாசித்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். வடக்கன்குளத்திலோ கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்காக ஒரு சுவரே நின்றது. ஒரே பீடம், இரண்டு பக்கம். அதை இடித்தபோது கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே உபதேசத்தில் எழுத்தளவுகூட வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் பார்த்து நொந்தவர் ஒருவர் எங்கள் மண்ணிலேயே பிறந்தார். வெள்ளாளன்விளைக்காரர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912இல் இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லின் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1919இல் தரங்கம்பாடியில் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டவர்களில் முக்கியமானவர். 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த உலகச் சபைகள் மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்: உங்கள் ஊரில் இந்தப் பிரிவினைகள் ஒரு பலவீனமாக இருக்கலாம், கிறிஸ்தவர் அல்லாதவர் நடுவில் வாழும் எங்களுக்கு அது பாவம், இடறல். 1919இல் ஆரம்பித்த பேச்சு 28 வருடம் இழுத்தது. இழுத்ததற்குப் பெரிய காரணம் என்ன என்கிறீர்கள்? பிஷப் கை வைக்காமல் குருப்பட்டம் பெற்றவர்கள் செல்லுமா, செல்லாதா. மறுபடியும் அதே சொல். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அசரியா உயிரோடு இல்லை. 1945 ஜனவரி முதல் நாளே போய்விட்டார்.

அந்தச் சபையின் முத்திரையில் யோவான் 17:21 இருக்கிறது. 'அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்' என்று இயேசு வேண்டிக்கொண்ட இடம். அந்த வசனம் அங்கேயே முடிவதில்லை, 'நீர் என்னை அனுப்பினதை உலகம் விசுவாசிக்கிறதற்காகவும்' என்று போகிறது. நாங்கள் ஒன்றாக இருந்தால் பார்ப்பவன் நம்புவான் என்று அர்த்தம். எங்கள் வட்டாரச் சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலத்தின் தேர்தல் சண்டைகளை எங்கள் பக்கம் வந்து பார்த்த யாருக்கும் இந்த இரண்டாம் பாதியை நான் விளக்கத் தேவையில்லை. சரி, அது வேறு பதிவு.

கல்லறைக்கு வருகிறேன். புதுச் சபைக்கு ஊரில் சொந்தக் கல்லறை கிடையாது. 40 கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருக்கிறது, அங்கே கொண்டுபோகலாம், அவங்க கிட்டே போய் நிக்கக் கூடாது என்றார் பாஸ்டர். சித்தி, "அவங்க அப்பா அம்மா பக்கத்துலதான் வைக்கணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பழைய சபைக் கமிட்டி ராத்திரி முழுக்கக் கூடிப் பேசியது. முழுக்கு எடுத்தவர் அங்கத்தினர் இல்லை என்று ஒரு கட்சி. பாக்கியைக் கட்டினால் அங்கத்தினர்தான் என்று ஒரு கட்சி. ஞானஸ்நானம் பெரிதா, சந்தா பெரிதா என்ற இறையியல் கேள்வியில் சந்தா ஜெயித்தது. நிபந்தனை ஒன்று: தோட்டத்துக்குள் அவர்கள் பாஸ்டர் வாய் திறக்கக் கூடாது. அவரும் விடவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே கேட்கிற சத்தத்தில் ஜெபித்தார். உள்ளே ஐயர் அடக்க ஆராதனையை வாசிக்கிறார், வெளியே ஸ்தோத்திரம். மண் போடும்போது எதற்கு ஆமென் சொல்வது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம். என் தோளை ஒட்டி நின்ற சித்தப்பா மகன் எதற்கும் சொல்லவில்லை.

தம்பி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். எந்தச் சபைக்கும் போவதில்லை. நாத்திகன் இல்லை, அவனோடு பேசினால் தெரியும். போன கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது, மொட்டை மாடியில் வைத்து ஏன் என்று மெதுவாகக் கேட்டேன். அவன் சொன்னான்: "சின்ன வயசுல நம்ம ஐயர், அம்மா எடுத்த முழுக்கு செல்லாதுன்னார். பாஸ்டர், எனக்குத் தெளிச்சது செல்லாதுன்னார். ரெண்டு பேரும் படிச்சவங்க அண்ணன். ரெண்டு பேர் சொன்னதையும் நம்பிட்டேன்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. பிரிவினையின் லாப நஷ்டக் கணக்கைப் போடுகிறவர்கள், அங்கேயிருந்து இங்கே எத்தனை குடும்பம் வந்தது, இங்கேயிருந்து அங்கே எத்தனை போனது என்றே எண்ணுகிறார்கள். தம்பி மாதிரி ஆட்கள் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. பழைய சபைப் பதிவேட்டில் அவன் ஞானஸ்நானம் பெற்றவன், ஆகவே இருக்கிறான். புதுச் சபையில் அவன் விசுவாசி வீட்டுப் பிள்ளை, ஒருநாள் திரும்பி வருவான் என்று உபவாச ஜெபத்தில் பெயர் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் எண்ணிக்கை குறையவே இல்லை.

கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதின முதலாம் நிருபத்தில், நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டினவர்களைத் திட்டுகிறார். நாலாவதாக ஒரு கட்சி வருகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை: 'நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்'. நாங்க எந்தச் சபையும் இல்ல, வசனம் மட்டும்தான் என்று போர்டு வைத்து ஆரம்பிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த நாலாவது கட்சிதான் ஞாபகம் வரும். ஆரம்பித்த ஐந்தாம் வருடம் அவர்களும் இரண்டாகியிருப்பார்கள்.

சித்திக்கு இப்போது 70 தாண்டிவிட்டது. முட்டு வலி, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குப் போய்விடுவார்கள். போன அசனப் பண்டிகைக்குத் தூக்குச்சட்டியோடு பெரிய கோயில் வாசலில் வந்து நின்றார்கள். "கோயில் சோறு ஏல, இதுல என்ன சபை" என்றார்கள் என்னிடம். வாங்கிக்கொண்டு, அப்படியே பக்கவாட்டில் நடந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சித்தப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

இந்த வருடமும் சித்தி பெயரில் சங்கக் காணிக்கை கட்டிவிட்டேன். ஆறாவது ரசீது. சித்திக்குத் தெரியாது. தம்பிக்கும் சொல்லவில்லை.