பின்னோக்கி இறங்கும் ஓட்டக்காரர்

(அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டு. மின்தூக்கி பழுதாகி நிற்கிறது. முந்தைய நாள் காலையில் பதினெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த முரளி, கைப்பிடிக் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, முகம் மாடியை நோக்கியிருக்க, பின்னடி வைத்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருக்கிறார். கீழிருந்து ஏறி வருபவர் அவருடைய அக்கா கமலா, ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை. அவர் ஓய்வு பெற்றது பள்ளியிலிருந்துதானே தவிர, கேள்வி கேட்பதிலிருந்து அல்ல.)

கமலா: முரளி, ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்குகிறாய்? அரசவையில் விடைபெறுகிறவர்கள்தாம் இப்படிப் பின்னடி வைப்பார்கள். மேல்மாடிக்கு அரசர் யாராவது குடிவந்திருக்கிறாரா?

முரளி: வாருங்கள் அக்கா. நேற்று பதினெட்டு கிலோமீட்டர் ஓடினேன். படி ஏறுவதில் பெரிய சிரமம் இல்லை. இறங்கும்போதுதான் இரண்டு தொடைகளும் ஒரே குரலில் மறுப்புத் தெரிவிக்கின்றன. பின்னோக்கி இறங்கினால் கொஞ்சம் சமாதானமாகப் போகின்றன. எல்லாம் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் செய்கிற வேலை.

கமலா: தவறு. லாக்டிக் அமிலம் நேற்று நீ ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ஏறத்தாழ முழுவதும் கரைந்து போயிருக்கும். செய்யாத குற்றத்துக்கு அதன்மீது பழி போடாதே. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையையும் தாங்க வேண்டியிருக்கிறது, பழக்கமில்லாத அந்த வேலையை அளவுக்கு மீறிச் செய்தால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன, அவற்றைச் சரிசெய்ய உடல் முனையும்போதுதான் இந்த வலி வருகிறது. நேற்று ஓடிய பாதையில் இறக்கம் இருந்ததா?

முரளி: கடைசி மூன்று கிலோமீட்டரும் இறக்கம்தான். அங்கே நான் ஓடவே இல்லை அக்கா, பறந்தேன்.

கமலா: எத்தனை மணிக்குப் பறந்து முடித்தாய்?

முரளி: காலை எட்டு மணிக்கு. ஏன் கேட்கிறீர்கள்?

கமலா: இப்போது மணி ஒன்பது. இந்த வகை வலி உடனே முழுதாக வராது. 24 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில்தான் உச்சத்தைத் தொடும். நீ இப்போதுதான் இருபத்தைந்தாவது மணியில் இருக்கிறாய். பின்னோக்கி இறங்கும் இந்த வசதியை இன்றைக்கே அனுபவித்துக்கொள்; நாளைக்கு அதுவும் இருக்காது.

(முரளி ஒரு படி இறங்குகிறார். அதற்கு அவர் எழுப்பிய ஒலியைத் தமிழ் எழுத்துகளில் எழுத இயலாது.)

கமலா: போகட்டும், அதற்கு முந்தைய வாரம் நீ ஓடிய மிக நீண்ட தூரம் எவ்வளவு?

முரளி: பதினொன்று.

கமலா: பதினொன்றிலிருந்து பதினெட்டா? ஏறத்தாழ 64 சதவீதம் ஒரே வாரத்தில் கூட்டியிருக்கிறாய். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஓட்டக்காரர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு உண்டு. அது வேதவாக்கு அல்லதான். ஆனால் வேதவாக்கு இல்லை என்பதற்காக அதை ஆறு மடங்காக்கிக்கொள்ளவும் யாரும் சொல்லவில்லை.

முரளி: உள்ளதைச் சொன்னால், வீட்டு வாசலுக்கு வந்தபோது கைக்கடிகாரம் 17.93 என்றுதான் காட்டியது. மீதி எழுபது மீட்டருக்காக வாகனங்கள் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காவலாளி அருகில் வந்து, எந்த வண்டியைத் தேடுகிறீர்கள் என்று பரிவோடு கேட்டார். நின்று பதில் சொன்னால் சராசரி வேகம் கெட்டுவிடுமே என்று அவரையும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

கமலா: அரை மாரத்தான் எத்தனை கிலோமீட்டர்?

முரளி: 21.0975.

கமலா: முழு மாரத்தான்?

முரளி: 42.195. 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி வகுத்த தூரம் அது. 1921-இல் அதையே நிலையான தூரமாக்கிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும் அக்கா.

கமலா: பந்தயத்தை நடத்துகிறவர்களே முழு எண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை, நீ எதற்காக ஒரு காவலாளியைச் சுற்றினாய்?

முரளி: பந்தயத்துக்குத் தயாராக வேண்டாமா? முன்பெல்லாம் இரண்டு கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கும். இப்போது மூச்சு ஒரு பொருட்டாகவே இல்லை. உடல் தயாராகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கமலா: நீ வழுக்கி விழுந்த இடம் அதுதான். உடல் என்பது ஒரே மாணவன் அல்ல, ஒரு வகுப்பு. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பாடத்தைப் படித்துவிட்டு, அடுத்த பாடத்தை நடத்துங்கள் என்று கையைத் தூக்கும். கடைசி வரிசையில் இருக்கும் தசைநாண்களுக்கும் எலும்புகளுக்கும் அதே பாடம் ஏறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். எலும்போ தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளத் தொடங்கும்போது முதலில் பழைய பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். அந்த இடைவேளையில் அது முன்பு இருந்ததைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். நீ முதல் வரிசையை மட்டும் பார்த்துப் பாடம் நடத்திக்கொண்டு போகிறாய்.

முரளி: கடைசி வரிசைக்காகத்தானே அக்கா வாரத்தில் மூன்று நாள் மெது ஓட்டம் வைத்திருக்கிறேன்! முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிந்தால்தான் அது மெது ஓட்டம் என்கிறார்கள். எனக்குத் துணைக்கு ஆள் இல்லாததால், பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடுகிறேன்.

கமலா: நல்ல ஏற்பாடு. எதுவரை சொல்ல முடிகிறது?

முரளி: பெரும்பாலும் முழுவதும் சொல்லிவிடுவேன். ஆனால் அன்றைக்குப் பாருங்கள், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த ஒருவர், போகிற போக்கில் காலை வணக்கமும் சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை எந்த மனிதனாலும் பொறுத்துக்கொள்ள முடியாது. பதின்மூன்று ஏழு தொண்ணூற்றொன்று என்பதோடு மூச்சு நின்றுவிட்டது.

கமலா: உடனே வேகத்தைக் குறைத்தாயா?

முரளி: இல்லை அக்கா. இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு மாறிக்கொண்டேன்.

(கமலா சிறிது நேரம் சுவரைப் பார்க்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவர்களுக்கே கைவரும் பொறுமை அது.)

கமலா: அந்தப் படியில் உட்கார். காலைக் காட்டு.

முரளி: உட்காருவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பாதித் தூரம் நானாக இறங்குவேன்; மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். அம்மா! உட்கார்ந்துவிட்டேன்.

கமலா: இந்த இரண்டு நகங்களும் ஏன் கறுத்திருக்கின்றன?

முரளி: (பெருமிதத்துடன்) அவை நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கே கிடைக்கும் அடையாளம்.

கமலா: பொருத்தமில்லாத காலணி போடுகிறவர்களுக்கும் கிடைக்கும். ஓட ஓடப் பாதம் வீங்கும். இறக்கத்தில் முன்னோக்கிச் சரியும். விரல் நுனிக்கு முன்னால் இடம் இல்லையென்றால் நகம் காலணியில் மோதி மோதி, அதன் அடியில் இரத்தம் கட்டிவிடும். நகத்தையும் ஒட்ட வெட்டுவதில்லை போலிருக்கிறது. விருதுப் பட்டியலில் வேறு என்ன உண்டு?

முரளி: குதிகாலுக்கு மேலே ஒரு கொப்புளம். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் நான்கைந்து அடிகளுக்கு உள்ளங்காலில் குதிகாலை ஒட்டி ஒரு குத்தல். நடக்க நடக்கச் சரியாகிவிடும். பிறகு, சட்டை உராய்ந்து மார்பில் ஏற்பட்ட புண். வெள்ளைச் சட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள் வழிய நான் சிரித்துக்கொண்டே ஓடியபோது, எதிரே வந்த ஒருவர் ஆம்புலன்சை அழைக்கட்டுமா என்று கேட்டார். நான் நேரம்தான் கேட்கிறாரோ என்று நினைத்து, கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் நாற்பது வினாடி என்றேன்.

கமலா: ஓடப் புறப்படும் முன் அங்கே பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள், அந்தப் பருத்திச் சட்டையையும் விட்டுவிடு, அது வியர்வையைக் குடித்துவிட்டு ஈர உப்புத்தாளாக மாறிவிடும். காலைக் குத்தலையும் அலட்சியப்படுத்தாதே. உள்ளங்கால் திசுப்பட்டையின் வலி அப்படித்தான் அடக்கமாகத் தொடங்கும். இதெல்லாம் சில்லறை விஷயம். உன் கணைக்காலைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் நீ அதை மட்டும் சொல்லாமல் மறைக்கிறாய்.

முரளி: அங்கே ஒன்றும் இல்லை. ஓடத் தொடங்கும்போது உட்புற விளிம்பில் ஒரு வலி வரும். உடல் சூடேறியதும் போய்விடும். ஓடி முடித்தபின் திரும்பி வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

கமலா: எலும்பின் ஓரமாக ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வா. வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருக்கிறதா, ஒரே புள்ளியில் நிற்கிறதா?

முரளி: பரவித்தான் இருக்கிறது. இங்கே, இங்கே, ஐயோ, இங்கேயும். இவ்வளவு வலிப்பதற்காகவா மகிழ்ச்சியடைகிறீர்கள்?

கமலா: ஆமாம், பரவியிருப்பது நல்ல செய்தி. ஷின் ஸ்பிளிண்ட் என்பார்கள்; ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தானே அடங்கும். விரல் நுனி அளவுக்கு ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, ஓடாதபோதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கக்கூடும். அப்போது என்னிடம் வராதே, நேராக மருத்துவரிடம் போ. இப்போதைக்கு இதற்கு என்ன செய்கிறாய்?

முரளி: ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல். இந்த நான்கில் ஓய்வை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் தவறாமல் செய்கிறேன்.

கமலா: அந்த நான்கையும் ஒரே சூத்திரமாக்கி 1978-இல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஐஸ் வலியை மரத்துப்போகச் செய்தாலும், குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் அவரே எழுதிவிட்டார்.

முரளி: சூத்திரத்தை எழுதியவரே கைவிட்டுவிட்டாரா? நான் நேற்று இரவுகூட உறைந்த காலோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேனே! அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கமலா: அவருடைய பட்டியலில் ஓய்வும் இருந்தது. அதை மட்டும் நீயாகவே கைவிட்டாய், அவரைக் கேட்டா செய்தாய்?

முரளி: பெரிய ஓட்டக்காரர்கள் இப்படி ஓய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களா? எமில் ஜாட்டோபெக் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஐயாயிரம் மீட்டரிலும் பத்தாயிரம் மீட்டரிலும் தங்கம் வென்றுவிட்டு, அதற்குமுன் ஒருமுறைகூட ஓடியிராத மாரத்தானிலும் இறங்கி, அதிலும் தங்கம் வென்றார்.

கமலா: அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது, அதற்குள் பல ஆண்டுகள் கடும் பயிற்சி செய்து, முந்தைய ஒலிம்பிக்கிலேயே ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றவர். உனக்கு நாற்பத்தாறு வயது. சென்ற ஆண்டுவரை பேருந்தைக்கூடத் துரத்தியதில்லை. உங்கள் இருவருக்கும் என்ன பொருத்தம்?

முரளி: அவர் ஓடும்போது முகத்தைக் கோரமாகச் சுளித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார். அந்த ஒரு துறையில் நான் அவரை எட்டிவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

கமலா: உன் ஓய்வு நாள் எது?

முரளி: வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஓடவே மாட்டேன். நீச்சல் மட்டும்தான். நேரம் கிடைத்தால் மிதிவண்டி. தூங்கப் போகும்முன் தொடைக்கு நூறு உட்கார்ந்தெழுதல்.

கமலா: காலையில் கண் விழித்தவுடன் நாடித் துடிப்பைப் பார்ப்பதுண்டா?

முரளி: கடிகாரம் பார்க்கிறது. முன்பு ஐம்பத்தெட்டு இருந்தது. இந்த வாரம் முழுவதும் அறுபத்தாறு. தூக்கமும் சரியில்லை. எல்லார்மீதும் எரிச்சல் வருகிறது. அதற்கும் ஓட்டத்துக்கும் தொடர்பு இல்லை. எல்லாரும் உண்மையிலேயே எரிச்சலூட்டுகிறார்கள்.

கமலா: உடல் இன்னும் பழைய களைப்பிலிருந்தே மீளவில்லை என்பதற்கான அறிகுறிகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, தொடர்பு இல்லை என்கிறாய். ஓடும்போது உடல் வலுப்பெறுவதில்லை, முரளி. ஓடும்போது அது தேயத்தான் செய்கிறது, வலுப்பெறுவது தூக்கத்திலும் ஓய்விலும்தான். ஆகவே வியாழக்கிழமை வரை ஓட்டம் கிடையாது, நீச்சல் கிடையாது, உட்கார்ந்தெழுதல் கிடையாது. அதன்பின் வலி இல்லையென்றால் அரை மணி நேரம் நட. வாரத்தின் மொத்தத் தூரத்தை நான் எழுதித் தருகிறேன்.

முரளி: (நீண்ட பெருமூச்சுடன்) சரி அக்கா. உங்களுக்காக ஓய்வெடுக்கிறேன். எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?

கமலா: ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அசையாமல் உட்கார்.

(முரளியின் கைக்கடிகாரம் அதிர்ந்து ஒலிக்கிறது.)

கமலா: என்ன சொல்கிறது?

முரளி: நெடுநேரமாக அசையாமல் இருக்கிறேனாம். எழுந்து நடக்கச் சொல்கிறது. என்ன செய்யட்டும்? நீங்கள் மூத்தவர், மறுக்க முடியாது; ஆனால் அது என்னை இரவும் பகலும் கவனித்துக்கொள்கிறது.

கமலா: கழற்று அதை. இங்கே கொடு. வியாழக்கிழமை வரை இது என் கையில் இருக்கட்டும்.

(கடிகாரத்தைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, கமலா வீட்டை நோக்கி விறுவிறுவென்று படியேறத் தொடங்குகிறார்.)

முரளி: அக்கா, கொஞ்சம் நில்லுங்கள்! அந்தப் படிகள் என் கணக்கில்தானே ஏறும்?

கமலா: ஏறட்டும், போ.

முரளி: அப்படியானால் தயவுசெய்து மெதுவாக ஏறுங்கள், உங்களுக்கு மூச்சு வாங்கினால் என்னுடைய சராசரி நாடித் துடிப்பு கெட்டுவிடும்!