புரட்டாசி ஆஃபராம்!

நேற்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மீம். வஞ்சிரம் மீன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறது, மேலே "புரட்டாசி ஆஃபர், பாதி விலை". கீழே வரிசையாகச் சிரிப்பு. நானும் ஒன்றைப் போட்டேன். ராத்திரி அம்மாவோடு போனில் பேசி முடித்த பிறகு போய் அதை அழித்தேன்.

எங்களுடையது நாகூர் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா ஃபைபர் போட்டில் பங்குக்குப் போகிறவர். அம்மா கூடைக்காரி. விடியும் முன்பே ஏலத்தில் மீன் எடுத்து, ஆறேழு பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடிக்கும் குட்டியானை வண்டியில் ஏறி, திருமருகல் பக்கம் தெருத்தெருவாக விற்பார். இருபத்தைந்து வருசமாக அதே தெருக்கள். எந்த வீட்டில் சங்கரா, எந்த வீட்டில் பிள்ளைகளுக்காக முள் இல்லாத மீன், எந்த வீட்டில் மாப்பிள்ளை வந்தால் மட்டும் நண்டு, எல்லாம் மனப்பாடம்.

புரட்டாசி பிறந்தால் அந்த வீடுகளில் "அடுத்த மாசம் வாங்கம்மா". சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுப்பார்கள். கூடையை மட்டும் வாசலில் இறக்கக் கூடாது.

கடலுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கச்சான் காற்று அடங்கி வாடைக் காற்று திரும்புவதற்குள் எங்கள் பக்கம் நல்ல மீன்பாடு இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தேன், அம்மாவோடு ஏலத்துக்குப் போனேன். ஒரு கூடை காரப்பொடி, கண்ணெல்லாம் கண்ணாடி மாதிரி, அப்போதுதான் இறங்கியது. ஏலக்காரர் ஆயிரத்து இருநூறில் ஆரம்பித்தார். யாரும் வாய் திறக்கவில்லை. அவரே ஆயிரத்துக்கு இறங்கினார், பிறகு எண்ணூறு. கடைசியில் ஒரு பெரியம்மா எழுநூறு என்றார், அதுவும் போட்டுக்காரர் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு. ஆடியில் அதே கூடைக்குச் சண்டையே நடந்திருக்கும்.

வெளியே இருப்பவர்கள் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. எல்லா மீனுக்கும் விலை விழுவதில்லை. கணவாய், இறாலைக் கம்பெனி ஏஜெண்டுகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பான்காரனுக்கு ஏது புரட்டாசி? மத்தியும் கானாங்கெளுத்தியும் ஐஸ் போட்டுக் கேரளா லாரியில் ஏறிவிடும். விலை விழுவது காரப்பொடி, சுதும்பு, கெழங்கா, கவளை என்று நம் தெருவில் நம் சட்டியில் வேகிற சில்லறை மீன். அதை எடுத்து விற்பவர்கள் எல்லாம் பெண்கள். போட்டுக்கு விழுந்த அடியை ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். கூடைக்கு விழுந்தது கூடைக்காரியோடு சரி. குட்டியானை வாடகை குறையாது, ஐஸ் விலை குறையாது, கடன் தவணை வாங்கத் தண்டல்காரர் சாயங்காலம் தவறாமல் வந்து நிற்பார். பாதி விலைக்கு எடுத்தாலும் பாதிகூட விற்காமல் திரும்பினால் அது யாருக்கு ஆஃபர்?

இந்த மாதம் அம்மாவுக்குச் சோறு போடுவது நாகூர்தான். தர்கா பக்கத்துத் தெருக்களில் புரட்டாசி என்ற பேச்சே கிடையாது. "என்னம்மா, நம்ம ஞாபகம் இப்பத்தான் வந்துச்சா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே வாங்குவார்கள். ஆனால் உள்நாட்டுப் பக்கம் போகிற எல்லாக் கூடையும் இந்த மாதம் அங்கேதான் திரும்புகிறது. ஒரே தெருவில் ஒன்பது கூடை. ஒருவர் நூறு சொன்னால் அடுத்தவர் எண்பது. நேற்று போனில் அம்மா சொன்னது இதைத்தான்: "நம்மளே நம்ம விலைய ஒடைச்சுக்குறோம்டி."

சரி, விரதம் இருக்காதீர்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. எங்கள் வீட்டிலேயே புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மீன் சட்டி அடுப்பேறாது. எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். வருசா வருசம் ஒரு ஃபார்வர்டு வரும்: "புரட்டாசியில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும், அதனால்தான் நம் முன்னோர்கள்..." அய்யா, நீங்கள் சாப்பிடாமல் இருப்பதால் ஒரு வலையும் கரையில் தங்குவதில்லை. பிடிக்கிறது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம், விலைதான் இல்லை. மீன் குஞ்சு பொரிக்க என்று அரசு விசைப்படகுகளை நிறுத்துவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த 61 நாளும் "ஏன் மீன் இவ்வளவு விலை?" என்று சண்டைக்கு வருகிறவர்களும் இதே முன்னோர்களின் பேரப்பிள்ளைகள்தான். பெருமாளுக்காக விட்டேன் என்று சொல்லுங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். அதற்கு எதற்கு விஞ்ஞானம்?

பெருமாள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா விற்கப் போகிற தெருக்களுக்குப் பக்கத்தில்தான் திருக்கண்ணபுரம். அங்கே இருக்கும் சௌரிராஜப் பெருமாள் எங்களுக்கு மாப்பிள்ளை. மீனவர் தலைவர் மகளாகப் பிறந்த பத்மினித் தாயாரைக் கட்டியவர். மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு அவர் வரும்போது எங்கள் ஆட்கள் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டு வரவேற்பார்கள். அந்த மாப்பிள்ளை பேரைச் சொல்லித்தான் மாமியார் வீட்டுக் கூடையை வாசலில் இறக்க விடுவதில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மாப்பிள்ளைன்னா அப்படித்தான் இருப்பாரு" என்றார்.

அரசாங்கத்துக்கும் இந்த மாதம் கண்ணில் படுவதில்லை. தடைக்காலத்துக்கு 8,000 ரூபாய் உண்டு, மழைக்காலத்தில் மீன் குறைவதற்கு 6,000 உண்டு. மீன் இருந்தும் வாங்க ஆள் இல்லாத மாதத்துக்கு எந்த உதவியும் இல்லை. பணம்கூட வேண்டாம். கருவாடு காயவைக்க மேலே கூரை போட்ட ஒரு களம் போதும், விற்காத மீனைக் காப்பாற்றிக்கொள்வார்கள். இப்போது அது மணலில் விரித்த பழைய வலை மேல்தான் காய்கிறது. புரட்டாசி வெயில் பகலில் மண்டையைப் பிளக்கும், நாலு மணிக்கு மேல் மேற்கே கறுக்கும். அன்றைக்கு ஞாயிறும் அப்படித்தான் ஆனது. "அடியே, மேகம் எறங்குது, அள்ளுங்கடி!" என்று முனை வீட்டு அத்தை கத்தினதும் மொத்தத் தெருவும் ஓடியது. யார் வீட்டு நெத்திலி, யார் வீட்டுத் தார்ப்பாய் என்று பார்க்க நேரமில்லை. நான் அள்ளினதில் பாதி மணல். மழை ஏழெட்டு நிமிசம்தான், ஆனால் ஒரு தடவை நனைந்த கருவாட்டில் புழு வைத்துவிடும். அரித்துப் பிரித்து அவரவர் பங்கைக் கொடுத்து முடிக்க ராத்திரி ஆனது. எங்களுக்குக் கொஞ்சம் கூடவே வந்த மாதிரி இருந்தது, அம்மா ஒரு கை எடுத்து அத்தை தட்டில் போட்டார்.

இன்னும் சில நாளில் எங்கள் ஊர் போட்டுகளில் சில கோடியக்கரைக்குக் கிளம்பிவிடும். அங்கே வாடி என்கிற தற்காலிகக் குடிசை போட்டு மார்ச் வரைக்கும் தங்கல். இங்கே இருப்பவர்கள் வலையைப் பிரித்துப்போட்டுக் கட்டுவார்கள், எஞ்சினைக் கழற்றுவார்கள்.

புரட்டாசி கடைசி நாள் சாயங்காலம் அம்மா போன் ஓயாது. திருமருகல் வீடுகள் எல்லாம் வரிசையாக வரும். "நாளைக்கு மொத ஆளா எங்க வீட்டுக்கு வந்துடுங்கம்மா, சங்கரா ரெண்டு கிலோ, நல்லதா." வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித்தான். போன வருசம் ஐப்பசி ஒண்ணாம் தேதி கடலில் ஒரு போட்டும் இறங்கவில்லை. அம்மா எங்கிருந்தோ ஐஸ் மீன் நாலு கிலோ தேடிப் பிடித்து எடுத்துப் போனார். விலையைக் கேட்டதும் ஒரு வீட்டில் சொன்னார்களாம், "ஒரு மாசம் நாங்க விரதம் இருந்ததுக்கு வட்டி போட்டு வாங்குறீங்களா?"