கருவாயன் விஷயத்தில் நான் எதையும் மறைக்கவில்லை

என்னிடமிருந்து கருவாயன் என்ற நாயைத் தத்தெடுத்த குடும்பம், பதினோரு நாளில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவனை என் வீட்டுக் கேட்டில் கட்டிவிட்டுப் போனது, மறுநாளே அந்த இணையக் குழுவில் "நோய் நாயை ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று எழுதியது, அதற்குக் கீழே வந்த வசவுகள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள். மூன்று நாளாக நான் வாயைத் திறக்கவில்லை. கோபத்தில் ஏதாவது எழுதி, அவனுக்குக் கிடைக்கப் போகும் அடுத்த வீடும் கெட்டுவிடக் கூடாது என்றுதான் பொறுத்தேன். நேற்று என் அம்மாவுக்குப் போன் போட்டு, "உன் பொண்ணு சீக்கு நாயை வித்துட்டாளாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

விற்றேனாம். ஒரு ரூபாய் வாங்கவில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டையில் அவர்கள் வீட்டுக்கு வண்டி வாடகைகூட என் கையிலிருந்துதான் போனது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் போன கையோடு தென்பெண்ணையில் வெள்ளம் வந்து நாணமேடு, உப்பலவாடி பக்கமெல்லாம் மூழ்கியபோது தூக்கி வந்த குட்டி அவன். வந்த பத்து நாளில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் கண்டது. கண்ணெல்லாம் பீளை, மூக்கில் சளி, அப்புறம் உடம்பு வெட்ட ஆரம்பித்தது. நரம்பு வரைக்கும் ஏறிவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. இவன் பிழைத்தான். ஆனால் நோய் போகும்போது இரண்டை விட்டுவிட்டுப் போனது. வலது பின்னங்கால் தூக்கத்தில்கூட வெட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் வலிப்பு.

வலிப்புக்குக் காலை 8 மணிக்கு ஒரு மாத்திரை, இரவு 8 மணிக்கு ஒரு மாத்திரை. பினோபார்பிட்டோன். மனிதர்களுக்குக் கொடுப்பதுதான். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டார்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து ஆளையே கொண்டுபோய்விடும். இந்த மாத்திரையால் பசி அதிகமாகும், தாகம் அதிகமாகும், அடிக்கடி சிறுநீர் போவான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை. வலிப்பு வந்தால் வாய்க்குள் கை விடக்கூடாது, சுற்றியிருக்கும் சாமான்களை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், 5 நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நம்மை அடையாளம் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நடப்பான்.

இப்போது எழுதியிருக்கும் இத்தனையையும் என் கைப்பட இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசித்தும் காட்டினேன். அவனுக்கு வலிப்பு வந்தபோது எடுத்த வீடியோவை முன்கூட்டியே அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. "பரவாயில்லைங்க, குழந்தை மாதிரி பார்த்துக்குறோம்" என்று பதிலும் வந்தது. இதற்கு மேல் எப்படிச் சொல்ல வேண்டும்?

60 மாத்திரை கொடுத்தனுப்பினேன். பதினோரு நாள் அங்கே இருந்தான். 22 மாத்திரை தீர்ந்திருக்க வேண்டும். கேட்டில் மாட்டியிருந்த பையில் எண்ணிப் பார்த்தேன், 51 இருந்தது. திரும்ப ஒருமுறை எண்ணினேன். 51தான்.

போனில் கேட்டால், "எந்நேரமும் பசி பசின்னு நிக்குது, அதான் மாத்திரையைக் கொறச்சோம்" என்றார் அந்த வீட்டுச் சகோதரி. குறைத்தார்கள், வலிப்பு வந்துவிட்டது. அதுவும் அடுக்குமாடிப் படிக்கட்டில், நாலு பேர் பார்க்க. பக்கத்து வீட்டுக்காரர் "இது வெறிநாய்" என்று கத்தியிருக்கிறார். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்த நாய் பத்து நாள் தாண்டுவதே அரிது. இவன் ஒரு வருடத்துக்கு மேலாக வலிப்போடு வாழ்கிறான். தடுப்பூசி அட்டையும் அந்தப் பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்ட அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? பயந்திருப்பார்கள், அது எனக்குப் புரிகிறது. 2025 ஆகஸ்டில் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்ததிலிருந்து எந்த நாயைப் பார்த்தாலும் பயப்படுகிறார்கள். அதே மாதம் 22-ம் தேதி வந்த திருத்தத்தில், தெருநாயைத் தத்தெடுப்பவர் அது மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. அதை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

இனி என் பக்கத்திலிருந்தே வந்த பேச்சுக்கு வருகிறேன். அதுதான் அதிகமாக வலித்தது. இத்தனை வருடம் கூடவே நின்ற ஒருவர் சொல்கிறார்: "இவ்வளவு பட்டியல் போட்டா யாருங்க எடுப்பாங்க? முதல்ல கொடுத்துடணும், பழகிட்டா அப்புறம் சொல்லிக்கலாம்."

என் அத்தைக்கு வலிப்பு இருந்தது. பண்ருட்டிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார்கள். தாத்தா மாத்திரையைக்கூடக் கொடுத்தனுப்பவில்லை, பெட்டியில் பார்த்துவிட்டால் கேள்வி வருமாம். ஒரு மாதம் தாங்கினாள். அடுப்படியில் விழுந்தவளின் கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். நான் அப்போது ஐந்தாவது படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் திண்ணையில் டிரங்குப் பெட்டி, அதன்மேல் அத்தை. முழங்கையில் தீக்காயத்துக்கு மஞ்சள் அப்பியிருந்தது. யாரோடும் பேசவில்லை. என்னைப் பார்த்து, "பசிக்குதாடா கண்ணு" என்று மட்டும் கேட்டாள்.

அத்தை சாப்பிட்டதும் இதே மாத்திரைதான். மறைத்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் இனி யாரும் வராதீர்கள்.

"ஊசி போட்டு அனுப்பிவிடலாமே, அதுவும் கருணைதான்" என்கிறார்கள் சிலர். சிப்காட் சாலையில் லாரி ஏறி முதுகெலும்பு நொறுங்கிய நாய்க்கு அந்த ஊசியைப் போட வைத்தவள் நான். தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். எப்போது போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கருவாயன் மீன்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடுகிறான். மாதத்தில் இரண்டு நிமிடம் வலிப்பு வருகிறது என்பதற்காக மிச்ச நாளெல்லாம் அவனுக்கு வேண்டாம் என்று முடிவெடுக்க நீங்கள் யார்?

"மனுஷனுக்கே வழியில்லை, நாய்க்கு என்ன" என்பவர்களுக்கும் ஒன்று. 1867-ல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் மாவட்டம் இது. ஒரு நாய்க்கு ஒரு கவளம் போட்டால் யாருடைய இலையிலும் குறைந்துவிடாது.

"அவ்வளவு பாசம் இருந்தால் நீயே வைத்துக்கொள்" என்பதற்குத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வீட்டில் ஏற்கெனவே நாலு நாய். ஒரு நாய் வலிப்பில் துடிக்கும்போது மற்ற நாய்கள் பாய்ந்து கடிப்பது உண்டு. அந்த நாலில் வயதான பெண் நாய் அப்படித்தான் இவன் காதைக் கிழித்தாள். ஏழு தையல். அதனால் பகலெல்லாம் சமையலறைப் பக்கத்து அறையில் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். கதவுக்குக் கீழே மூக்கை நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பான். வேறு நாய் இல்லாத வீடு வேண்டும் என்று ஒரு வருடமாக அலைவது இதனால்தான், அவனைக் கழித்துக் கட்ட இல்லை.

1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், வளர்க்கும் பிராணியைக் காரணமில்லாமல் பட்டினியும் தாகமுமாகக் கைவிடுவது குற்றம். காலையில் நான் கேட்டைத் திறக்கும்வரை எத்தனை மணி நேரம் அங்கே தண்ணீர்கூட இல்லாமல் கிடந்தானோ. புகார் கொடுக்கச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். கொடுக்கப் போவதில்லை. அந்தக் குழுவில் எழுதியதை எடுத்துவிட்டால் போதும். முடியாது என்று ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் நானே வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பேனே. கதவைத் தட்டக்கூட மனசு வரவில்லையா?

கருவாயன் இப்போது பரவாயில்லை. திங்கட்கிழமை இரண்டு முறை வலிப்பு வந்தது. நேற்றும் இன்றும் வரவில்லை. மருத்துவர் சொன்னபடி பழைய அளவிலேயே மாத்திரை போகிறது, மத்தி மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால்தான் விழுங்குகிறான். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குக் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போகிறேன்.

கடலூரோ புதுச்சேரியோ, வேறு நாய் இல்லாத வீடு, இரண்டு வேளையும் மாத்திரை கொடுக்க ஒரு ஆள், இவ்வளவுதான் கேட்கிறேன். மாத்திரைச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். போனிலேயே சரி என்று சொல்லிவிடாதீர்கள். நேரில் வந்து அரை நாள் அவனோடு இருங்கள். அப்போதே வலிப்பு வந்தாலும் வரும். வந்தால், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.