டிம், மர்க்கி, வேக் ஆகியவை ஒன்றல்ல

‘டிம் (dim), மர்க்கி (murky), வேக் (vague) என்ற ஆங்கிலச் சொற்கள் மூன்றுக்கும் மங்கல் என்பதே பொருள், எதையும் எங்கும் மாற்றிப் போடலாம்’ என்று ஒருவர் எழுதியிருப்பது மொழி கற்பவர்களைத் தவறாக வழிநடத்தும். டிம் என்பது ஒளியின் வலுக்குறைவு. திரி தாழ்ந்த விளக்கின் வெளிச்சம் டிம்தான், ஆனாலும் அதன் அருகே பிடித்த எழுத்து தெளிவாகவே தெரியலாம். மர்க்கி என்பதில், இன்றைய வழக்கில், குறை பெரும்பாலும் ஒளி கடந்து வரும் நீர், காற்று போன்ற ஊடகத்தில் இருக்கிறது: சேறு கலந்த குளத்து நீர் உச்சிவெயிலிலும் மர்க்கிதான் (தமிழில் ‘கலங்கல்’ என்ற அருமையான சொல் இதற்கு உண்டு). வேக் என்பதற்கோ வெளிச்சத்தோடு பிறப்பிலேயே தொடர்பில்லை. அலைந்து திரிவதைக் குறிக்கும் ‘வாகுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த அது, பிடிகொடுக்காத பதிலையும் உறுதியற்ற நினைவையும் சுட்டுகிறது. இருளிலிருந்து தெளிவின்மைக்கு உண்மையில் நகர்ந்த ஆங்கிலச் சொல் அப்ஸ்கியூர் (obscure). அதன் லத்தீன் மூலத்துக்கு ‘இருண்டது’ என்றே பொருள்.