மிச்சமான மூலையில சமையலறையைத் திணிக்கிறதை நிறுத்துங்க

வீட்டு பிளான் எந்த வரிசையில வரையறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க. முதல்ல ஹால், அதுவும் கதவைத் திறந்ததும் பெருசாத் தெரியணும். அப்புறம் பெட்ரூம், ஒவ்வொண்ணையும் ஒட்டி ஒரு பாத்ரூம். படிக்கட்டு, பால்கனி. எல்லாம் முடிஞ்ச பிறகு எங்கேயோ 8 அடிக்கு 7 அடி மிஞ்சும். அந்தக் கட்டத்துக்குள்ள 'கிச்சன்'னு எழுதி பிளானைக் கையில கொடுத்துடுறாங்க. நெருப்பு, தண்ணி, கரன்ட், கேஸ், புகை, கழிவு, இத்தனையும் ஒண்ணா சேர்ற ஒரே அறை அதுதான். தினமும் ஒரு ஆள் மணிக்கணக்கா நின்னபடியே வேலை செய்ற அறையும் அதுதான். அதைக் கடைசியா, மிச்சத்துல வைக்கிறாங்களேன்னு நினைச்சா வயிறு எரியுது.

சோபாவை நகர்த்திக்கலாம். கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கலாம். ஒரு பெட்ரூமைப் படிக்கிற அறையா மாத்திக்கலாம். தளம் போட்டு முடிச்ச பிறகு சமையலறையை மட்டும் லேசுல நகர்த்த முடியாது. நகர்த்த முடியாததைத்தானே முதல்ல முடிவு பண்ணணும்? இந்தச் சின்ன விஷயம் ஏன் யாருக்கும் உறைக்க மாட்டேங்குது?

ஏன் நகர்த்த முடியாதுன்னு தெரியணும்னா சிங்க்குக்குக் கீழே குனிஞ்சு பாருங்க. அந்தக் கழிவுத் தண்ணியைத் தள்ளிவிட பம்ப் எதுவும் கிடையாது, தானா ஓடித்தான் போகணும். அதுக்கு ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது சரிவு வேணும். மாடியில இருந்து நேரா இறங்குற பெரிய குழாய் சிங்க்ல இருந்து 6 மீட்டர் தள்ளி இருந்தா, 12 சென்டிமீட்டர் இறக்கம். குழாயோட கனத்தையும் சேர்த்தா 17, 18 சென்டிமீட்டர் ஆழம். அந்த ஆழத்தை எங்கே ஒளிக்கிறது? தரையை உயர்த்தணும், இல்லேன்னா கீழ்வீட்டு சீலிங்ல குழாயைத் தொங்கவிடணும். ரெண்டுக்கும் வழியில்லேன்னு சரிவைக் குறைச்சுடுறாங்க. தலைவலி அங்கேதான் ஆரம்பிக்குது.

பாத்திரம் கழுவுற தண்ணியில உருகின கொழுப்பும் எண்ணெயும் இருக்கு. சூடா உள்ளே போகுது. ரெண்டு மூணு மீட்டர் போறதுக்குள்ள குழாய்ச் சுவர் அதைக் குளிர வைக்குது. கொழுப்பு மெழுகு மாதிரி சுவர்ல ஒட்டிக்குது. அது மேல சாப்பாட்டுத் துணுக்கு, அது மேல மறுபடியும் கொழுப்பு. 50 மில்லிமீட்டர் குழாயோட ஓட்டை கொஞ்ச வருஷத்துல விரல் நுழையுற அளவுக்குச் சுருங்கிடும். வெந்நீர் ஊத்தினா கரைஞ்சுடும்னு நம்புறாங்க. கரையுறது உண்மைதான், ஆனா அடுத்த மூணு மீட்டர்ல மறுபடியும் உறையுது. முன்னாடி கைக்கு எட்டின அடைப்பு இப்போ டைல்ஸுக்கு அடியில, எட்டாத இடத்துக்குப் போயிடுது. சிங்க் வெளிச்சுவரை ஒட்டி இருந்து, அந்தப் பக்கமே திறந்து பார்க்கிற மாதிரி ஒரு சேம்பர் இருந்தா இந்தக் கதையே இல்லை. அடைச்சாலும் மூடியைத் திறந்து கம்பி விட்டா முடிஞ்சது.

இன்னொண்ணு. சிங்க்குக்குக் கீழே வளைஞ்ச குழாய்ல எப்பவும் 5 சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தம் மேல வராமத் தடுக்கிறதே அந்தத் தண்ணிதான். குழாய் நீளமா, காத்துப் போக்கு இல்லாம இருந்தா, சிங்க்ல நிறையத் தண்ணி ஒரே நேரத்துல இறங்கும்போது பின்னாடி ஒரு உறிஞ்சல் உண்டாகி அந்தத் தண்ணியையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். 'களக் களக்'னு சத்தம் கேட்குதில்ல, அதுதான் அது. நாத்தத்துக்கு ஆசிட் ஊத்தி என்ன பிரயோஜனம்? கோளாறு சிங்க்ல இல்லை, பிளான்ல இருக்கு.

வெந்நீர் கதையும் இதேதான். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள குழாய்ல ஒரு மீட்டருக்குச் சுமார் 175 மில்லி தண்ணி நிக்கும். வாட்டர் ஹீட்டர் 12 மீட்டர் தள்ளி இருந்தா, ஒவ்வொரு தடவையும் 2 லிட்டர் பச்சைத் தண்ணி ஓடின பிறகுதான் சூடு வரும். மூடினதும் அதே 2 லிட்டர் வெந்நீர் குழாய்க்குள்ளேயே ஆறிப் போகும்.

அடுத்தது புகை. "நல்ல சிம்னி போட்டுக்கலாம் சார்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறாங்க. சிம்னியோட பவர் எவ்வளவுன்னு பெட்டியில எழுதியிருக்கலாம், அந்தப் புகை கடைசியில எவ்வளவு தூரம் போய் வெளியேறுதுன்றதுதான் கணக்கு. அடுப்பு வீட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா குழாய் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள புகுந்து, ரெண்டு மூணு இடத்துல திரும்பி, எங்கேயோ போய் வெளியே எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு 90 டிகிரி வளைவும் பல அடி நேர்க்குழாய்க்குச் சமமா காத்தைத் தடுக்கும். சுருக்கம் சுருக்கமா இருக்கிற வளையுற குழாயா இருந்தா இன்னும் மோசம், எண்ணெய்ப் பசையும் அந்த மடிப்புலதான் தேங்கும். இதுல சுவத்துல ஓட்டை சின்னதா இருக்குன்னு 150 மில்லிமீட்டர் குழாயை 100 ஆக்கிடுறவங்க வேற. விட்டம் மூணுல ஒரு பங்குதானே குறையுதுன்னு தோணும். காத்து போற பரப்பு 44 சதவீதமா சுருங்கிடுது. மிஷின் அலறும், புகை நகராது. அடுப்பை வெளிச்சுவர்ல வச்சு, நேரா ஒரு சாண் குழாயில வெளியே தள்ளினா சாதாரண ஃபேனே போதும்.

இண்டக்‌ஷன் அடுப்புதானே, புகையில்லையேன்னு சிலர் வாதாடுவாங்க. கேஸ் எரியும்போது வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு அதுல இல்லை, சரி. எண்ணெய் காயும்போது வர்ற நுண்துகளுக்கு அடுப்பு எதுன்னு கவலையில்லை. வறுத்தாலும் பொரிச்சாலும் அது வரத்தான் செய்யும்.

கட்டடத்துக்கு நடுவுல மேல வரைக்கும் திறந்து விடுற ஷாஃப்ட் பக்கம் ஒரு ஜன்னலை வச்சுட்டு 'காற்றோட்டம் உண்டு'ன்னு சொல்றதைக் கேட்டா கோபம் தலைக்கேறுது. நாலு மாடிச் சமையல் புகையும், நாலு மாடி பாத்ரூம் காத்தும் சேர்ற குழி அது. கீழ்வீட்டு ஃபேன் தள்ளுறது மேல்வீட்டு ஜன்னல் வழியா உள்ளே வருது. அதுக்குப் பேர் ஜன்னலா?

காத்து எந்தப் பக்கத்துல இருந்து வீசுதுன்னு மனையில நின்னு பார்த்தாவது சமையலறையை வைக்கிறாங்களா? வருஷத்துல அதிக மாசம் காத்து உள்ளே நுழையுற பக்கத்துல அடுப்பை வச்சா, தாளிக்கிற நெடி ஹாலைத் தாண்டி பெட்ரூம் தலையணை வரைக்கும் போகும். ஃபேன் எதிர்க்காத்தோட மல்லுக்கட்டும். காத்து வீட்டை விட்டு வெளியேறுற பக்கத்துல சமையலறை இருந்தா பாதி வேலையைக் காத்தே செஞ்சுடும். அப்படி வச்சாலும் உள்ளே காத்து வர வழி வேணும். கதவு, ஜன்னல் எல்லாத்தையும் இறுக்கி மூடிட்டு ஃபேனைப் போட்டா இறக்கை சுத்துமே தவிர காத்து நகராது. அதைவிட ஆபத்து ஒண்ணு இருக்கு. இறுக்கி மூடின வீட்டுல பெரிய சிம்னி ஓடினா, வீட்டுக்குள்ளேயே புகைபோக்கியோட இருக்கிற கேஸ் ஹீட்டரோட புகையையும் அது உள்ளே இழுத்துடும். அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கலாம், அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

மேற்குச் சுவரை ஒட்டி அடுப்பு வைக்கிறவங்க கொஞ்சம் யோசிக்கணும். மத்தியானம் முழுக்க வெயில் குடிச்ச சுவர், சரியா சாயங்காலச் சமையல் நேரத்துலதான் அந்தச் சூட்டை உள்ளே விடும். 3 கிலோவாட் பர்னர் ஒண்ணு எரிஞ்சா அதுல பாதிக்குக் கிட்ட பாத்திரத்துல ஏறாம அறையிலதான் தங்குது. ரெண்டு பர்னர் எரியும்போது, ரெண்டு மூணு ரூம் ஹீட்டரை ஓடவிட்டு நடுவுல ஒரு ஆளை நிக்க வைக்கிறதுக்குச் சமம். காலை வெயில் வர்ற கிழக்குப் பக்கம் கிடைச்சா அதை ஏன் ஹாலுக்குத் தாரை வார்க்கணும்?

இனி சொல்றது உயிர் சம்பந்தப்பட்டது. பெட்ரூம்ல இருந்து வாசலுக்குப் போற ஒரே வழி அடுப்பை ஒட்டிப் போகக் கூடாது. நிறைய நாடுகள்ல வீட்டுத் தீ விபத்துக்குப் பெரிய காரணமே சமையல்தான். ராத்திரி சமையலறையில தீப்பிடிச்சா, உள்ளே தூங்குறவங்க அந்தத் தீயைத் தாண்டித்தான் தப்பிக்கணும்ன்ற மாதிரி பிளான் போட்டுட்டு, அதை 'ஓபன் கிச்சன்'னு அழகா பேர் வச்சு விக்கிறாங்க. ஓபன் கிச்சன் தப்புன்னு சொல்ல வரலை. வெளியேற வேற வழி இருக்கட்டும், அடுப்பு நடைபாதையில இருந்து விலகி இருக்கட்டும். நடுவுல ஒரு இழுவைக் கண்ணாடிக் கதவு வச்சா நெடியும் சத்தமும் நிக்கும்.

சிலிண்டர்ல வர்ற எல்பிஜி காத்தை விடக் கனமானது. கசிஞ்சா தரையோட தவழ்ந்து பள்ளத்துல போய்த் தேங்கும். நாலு படி இறங்கிப் போற சமையலறை ஒரு தொட்டி மாதிரிதான். அங்கே காத்துத் திறப்பும் கசிவு அலாரமும் தரைக்குப் பக்கத்துல இருக்கணும். குழாய்ல வர்ற இயற்கை எரிவாயு இதுக்கு நேர்மாறு, லேசானது, மேல ஏறும். அதுக்கு சீலிங் பக்கம். அலாரத்தை மாத்தி வச்சா இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சத்தத்தைப் பத்தி ரொம்ப சொல்ல வேணாம். மிக்ஸி நிக்கிற மேடையும் கட்டில் தலைமாடும் ஒரே சுவரைப் பகிர்ந்துக்கக் கூடாது, அவ்வளவுதான். டாய்லெட்டும் சமையலறையும் ஒரு குழாய்ச் சுவரைப் பகிர்ந்துக்கலாம், அது சிக்கனம்தான். ஆனா டாய்லெட் கதவு சமையலறையைப் பார்த்துத் திறக்கவே கூடாது.

1940-கள்ல அமெரிக்காவோட இல்லினாய் பல்கலைக்கழகத்துல அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூணையும் வச்சு ஒரு முக்கோணக் கணக்குப் போட்டாங்க. ஒவ்வொரு பக்கமும் 4 அடியில இருந்து 9 அடிக்குள்ள, மூணும் சேர்ந்து 26 அடியைத் தாண்டக் கூடாது. இந்த எண்களை எல்லாரும் ஒப்பிப்பாங்க. ஆனா அந்த முக்கோணத்தை வீட்டு நடமாட்டம் குறுக்கே வெட்டக் கூடாதுன்னு சொன்னதைத்தான் மறந்துடுறாங்க. பின்பக்க பால்கனிக்குப் போற கதவைச் சமையலறைக் கோடியில வச்சுட்டா போச்சு. கொதிக்கிற பாத்திரத்தை ரெண்டு கையிலயும் பிடிச்சு அடுப்புல இருந்து சிங்க் பக்கம் திரும்புற அந்த மூணு செகண்ட்ல பின்னாடி ஒரு குழந்தை ஓடி வரும். 7 அடி அகலத்துல ரெண்டு பக்கமும் 2 அடி மேடை போட்டா நடுவுல 3 அடிதான் மிஞ்சும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தா வழி அடைபட்டது. ஒரு ஆளுக்கே மூன்றரை அடி வேணும், ரெண்டு பேர் வேலை செஞ்சா 4 அடி.

"இடம் இல்லையே, என்ன பண்றது?"ன்னு கேட்காதீங்க. 1926-ல ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைச்ச பிராங்க்பர்ட் சமையலறை சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். அதுல வெளிச்சத்துக்கு ஜன்னல் உண்டு, சாப்பிடுற அறைக்கு இழுவைக் கதவு உண்டு, எந்த வேலைக்கு எத்தனை எட்டு வைக்கணும்னு கணக்கு உண்டு. சின்ன இடம் குறையில்லை. யோசிக்காம ஒதுக்கின இடம்தான் குறை.

பிளான்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பென்சில் எடுங்க. சிங்க்ல இருந்து கழிவுக் குழாய் வரைக்கும் ஒரு கோடு, அடுப்புல இருந்து வெளிக்காத்து வரைக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு பெட்ரூம்ல இருந்தும் வாசலுக்கு ஒரு கோடு. மேடையில நிக்கிற ஆளுக்கு முன்னாடி ஜன்னலா, முதுகுக்குப் பின்னாடி ஜன்னலான்னும் பாருங்க. பின்னாடி இருந்தா பட்டப்பகல்லயே வெட்டுற பலகை மேல தன் நிழல்தான் விழும், கத்தி பிடிச்ச கை இருட்டுல இருக்கும். குழாய்க் கோடு 3 மீட்டரைத் தாண்டினாலோ, புகைக் கோடு ரெண்டு தடவை வளைஞ்சாலோ, பெட்ரூம் கோடு அடுப்பைத் தொட்டாலோ கையெழுத்துப் போடாதீங்க. ஹாலை 2 அடி குறைச்சு, சமையலறையை வெளிச்சுவருக்குக் கொண்டு வந்து புதுசா வரைஞ்சு தரச் சொல்லுங்க.